உப்பில் ஊறிய வில்லை

ஐடஹோ பாலைவனத்தில் அன்று பனிமூட்டம் மதியமாகியும் கலையவில்லை. தரை எது, வானம் எது என்று தெரியாத வெண்மைக்குள், கனவில் நடப்பவரைப் போல, லாமார் பாலிஃப் என்பவர் துப்பறிவாளர் வெர்டா நீல்சனின் அலுவலகப் படியேறி வந்தார். புதுவகை அணு உலை ஒன்றை உருவாக்கும் சிறிய நிறுவனத்தின் தலைவர் அவர்.

"ஒரு உலோக வில்லை காணாமப் போயிடுச்சு. எங்க உலையில ஓடுற உருக்கின உப்பை உலோகம் தாங்குதான்னு பார்க்க, அதுக்குள்ள வருஷம் பூரா ஊற வெச்சது. சோதனையில யுரேனியம் இல்லாத வெறும் உப்புதான், பயமில்ல. காசு அளவுதான். ஒரு ஓரம் மட்டும் பச்சை பூத்திருக்கும். நாளைக்கு வாஷிங்டன் அதிகாரிங்க அதைப் பார்த்துட்டுத்தான் அடுத்த கட்ட நிதி தருவாங்க. நிதி நின்னா நிறுவனமே இல்ல."

"அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட, உலோக நிபுணர் ஆர்டித் மொரிஷிடாகிட்ட, பொறியாளர் ட்வைட் ஸ்கீன்கிட்ட."

வெர்டாவின் கணவருடைய தம்பி கோய் ஆய்வகத்துக்குக் காரை ஓட்டினார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். துப்பறிவதில் தீராத ஆசை.

"அண்ணி, ஸ்கீன் போட்டிக் கம்பெனிக்குத் தாவப்போறானாம். அவன்தான்."

"நீ ரோட்டைப் பாரு."

"ரோடு எங்க இருக்கு, பார்க்கிறதுக்கு?"

உறைபனி படர்ந்த புதர்கள் மூட்டத்தில் மிதந்து பின்னால் போயின.

ஆய்வகத்தில் ஸ்கீன் மறைக்காமல் பேசினார். "போகத்தான் போறேன். இந்தச் சோதனை ஜெயிச்சாத்தான் அங்க எனக்கு மதிப்பு. நான் ஏன் திருடணும்?"

ஆர்டித் காலியான அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வில்லை எப்படி இருக்கும்?" என்று வெர்டா கேட்டார்.

"போட்டப்ப வெள்ளி மாதிரி மின்னுச்சு. இப்ப தெரியாது. காத்து படாம இயந்திரக் கையே எடுத்து டப்பாவுல போட்டு மூடிடுச்சு. அதிகாரிங்க முன்னாடிதான் திறக்கணும்னு இருந்தோம். இன்னும் யாருமே பார்க்கல."

வெர்டா பாலிஃபையும் அறைக்குள் அழைத்தார். பிறகு மூவரையும் உட்காரச் சொன்னார்.

"யாருமே பார்க்காத வில்லையில ஒரு ஓரம் பச்சைன்னு ஒருத்தர் என்கிட்ட சொன்னார். பாலிஃப், டப்பாவை எப்ப திறந்தீங்க?"

கோயின் பார்வை ஸ்கீனிடமிருந்து பாலிஃபிடம் தாவியது.

"ஒரு வாரம் முன்னாடி," என்றார் பாலிஃப் மெல்ல. "மனசு கேட்கல. பச்சைன்னா உப்பு உலோகத்தைத் தின்னுருக்குன்னு அர்த்தம். அதிகாரிங்க அதைப் பார்த்தா நிதி அன்னிக்கே நிக்கும். திருட்டுன்னா ஆய்வு தள்ளிப்போகும். அதுக்குள்ள இன்னொரு வில்லை..."

"திருட்டை நம்ப வைக்க ஒரு துப்பறிவாளரும் வேணும்," என்றார் வெர்டா.

பாலிஃப் தன் கோட்டுப் பையிலிருந்து வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆர்டித் அதைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லாமார், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மத்த இடமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. இந்த ஓரம், உப்புக்குள்ள வில்லையைத் தாங்கின பிடியைத் தொட்டுக்கிட்டு இருந்தது. பிடி வேற உலோகம். குத்தம் பிடியில இருக்கும்னு தோணுது. சோதிச்சா தெரிஞ்சிடும்."

பாலிஃப் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

மறுநாள் அதிகாரிகள் முன் வில்லையை வைத்து, தான் செய்ததை அவரே சொன்னார். நெடுநேரம் கேள்விகள் நடந்தன. கேட்ட நிதியில் ஒரு பகுதிதான் கிடைத்தது: பிடியை மாற்றி இன்னொரு வருடம் சோதிக்க. பாலிஃப் தலைமையில் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் தன் சாவியை ஆர்டித்திடம் கொடுத்தார்.

மாலையில் பாலிஃப் தன் காரை விட்டுவிட்டுத் தொழிலாளர் பேருந்தில் ஏறினார்.

"உங்களுக்கெல்லாம் இன்னும் ஒரு வருஷம் வேலை இருக்கு," என்றார் நின்றபடியே. "எனக்கு இல்ல. அது நியாயந்தான்."

முன்வரிசையில் இருந்த வெல்டர் ஒருவர், பக்கத்து இருக்கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாலிஃப் அங்கே உட்கார்ந்தார். பேருந்து வெண்மைக்குள் புறப்பட்டது.