கருக்குமலையின் இரண்டு பத்து மணிகள்

1968 ஆகஸ்ட் 31. பிற்பகல் இரண்டு மணி.

இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவிலுள்ள கருக்குமலைத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், தாதி றீட்டா மருந்து அலுமாரியைத் திறந்தாள். மோர்பீன் பெட்டியைக் காணவில்லை. பூட்டு உடையவில்லை. சாவியோ அவள் இடுப்புப் பட்டியிலேயே தொங்கியது.

களவு போனது மருந்து. போகவிருந்தது அவள் வாழ்வு. பயிற்சி முடித்து வரும் தாதிக்குக் கருக்குமலையில் முதலாண்டு முழுவதும் அரைச் சம்பளம். காலை ஆறு முதல் இரவு எட்டு வரை, துணையின்றிப் பதினான்கு மணி நேர வேலை. அந்த ஆண்டைக் குற்றமின்றிக் கழித்தவளுக்கே முழுச் சம்பளமும் எட்டு மணி நேர வேலையும். குற்றம் ஒன்று பதிவானால் அன்றே வெளியேற்றம். உயிர் காக்கும் கைக்கு அரைக் கூலி கொடுத்து, அதற்குப் பயிற்சி என்று பெயரும் சூட்டிய ஏற்பாடு அது! றீட்டாவின் ஓராண்டு அன்றோடு நிறைவடைய இருந்தது.

பதுளையிலிருந்து இன்ஸ்பெக்டர் லத்தீப் ஜீப்பில் வந்து இறங்கினார். நாள்தோறும் காலையில் வானொலி நேரத்துக்குத் தம் கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பவர் அவர். அது மூன்றரை காட்டியது. நோயாளர் வாட்டின் சுவர்க்கடிகாரம் நான்கு காட்டியது. பழைய கடிகாரம், முந்தி ஓடுகிறது போலும் என்று விட்டுவிட்டார்.

“பெட்டியக் கடைசியா எப்ப பார்த்தீங்க, மகள்?”

“பத்து மணிக்கு, சேர். கபிரியேல் அண்ணன் கால் மிஷின்ல நசுங்கிப் போச்சு. அவருக்கு ஊசி போட்டேன். மிச்சம் பதினொரு குப்பி. எண்ணிப் பூட்டிட்டு எழுதியும் வச்சேன்.”

பதிவேடு அவ்வாறே சொன்னது: 10.00, மீதி 11.

“பொறகு?”

“பின்னால பிரசவ அறைக்குப் போனேன். பதினொரு மணிக்குத்தான் புள்ள பொறந்திச்சு.”

“அந்த நேரம் வாட்டுல யாரு இருந்தது?”

“யாருமில்ல. நான் ஒருத்திதானே, சேர். என்னை ரெண்டா வெட்டிக்கிட்டா பார்க்க முடியும்?”

கட்டிலருகே நின்ற கபிரியேலின் மனைவி மரியகொரட்டியிடம் திரும்பினார்.

“நீங்க எங்க போனீங்க?”

“ஊசி போட்டதும் அவரு தூங்கிட்டாருங்க. பதுளையில இருக்கிற கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பலாம்னு பத்தரை பஸ்ஸுக்கு ஓடுனேன். பெரிய கிளாக்கரையா அதுல ஏறிக்கிட்டிருந்தாரு. ‘மெதுவா வா, கொரட்டி. நீயும் விழுந்தா கட்டிலுக்கு எங்க போறது’ன்னு சிரிச்சாரு.”

பெரிய கிளாக்கர் சிவஞானம் இருபது ஆண்டுகளாக அத்தோட்டத்தில் இருப்பவர். தாதியரின் வேலைப் பட்டியலை எழுதுபவர் அவரே. அலுமாரியின் இரண்டாம் சாவியை வைத்திருப்பவரும் அவரே. லத்தீப் அவரைக் காரியாலயத்தில் சந்தித்தார். தோட்டத் துரையும் அங்கே அமர்ந்திருந்தார்.

“ரெண்டாம் சாவி எங்க?”

“என் இரும்புப் பெட்டியில, சேர். ஆனா நான் பத்து மணி பஸ்ஸில பதுளைக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன். டிக்கட் இருக்கு. கொரட்டியும் பார்த்திச்சு.”

“ஆஸ்பத்திரியிலயிருந்து பஸ் நிக்கிற எடம் எவ்வளவு தூரம்?”

“பத்து நிமிஷ நடை. பத்து மணிக்குப் பதினொண்ணு இருந்திச்சுன்னு அந்தப் புள்ளயே எழுதியிருக்கு. அந்த நேரம் நான் பஸ்ஸுக்குள்ள. பொறகு எப்படி எடுக்கிறது?” அவர் புன்னகைத்தார். “சின்னப் பொண்ணு. வேலை தாங்கல. வித்துட்டு ஓடப் பார்த்திருக்கு.”

கருக்குமலைச் சந்தியில் அந்தப் பஸ்ஸுக்குரிய நேரம் பத்து மணி. லத்தீப் அதை அறிவார். கணக்குப் பிசகவில்லை.

“எழுதி முடிங்க, இன்ஸ்பெக்டர். பொண்ணை இன்னிக்கே அனுப்பிறலாம்,” என்றார் துரை.

மேசைமேல் செப்டம்பர் மாத வேலைப் பட்டியல் கிடந்தது. முந்திய நாள் திகதியிட்டுத் துரை கையெழுத்திட்டிருந்தார். லத்தீப் அதை ஒருமுறை வாசித்தார். மறுமுறையும் வாசித்தார்.

வெளியே மணி அடித்தது.

“இது என்ன மணி?”

“நாலரைக் கொழுந்து நிறுக்கிற மணிங்க,” என்றான் வாசலில் நின்ற காவற்காரன்.

லத்தீப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக நான்கு. ஒரு கடிகாரம் முந்தி ஓடலாம். ஒரு தோட்டமே முந்தி ஓடுமா?

“றீட்டாவையும் கொரட்டியையும் கூப்பிடுங்க,” என்றார்.

இருவரும் வந்ததும் பேசினார்.

“விடியுமுன்னே ஆளை மலைக்கு ஏத்தணும்னு இந்தத் தோட்டம் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கு. வாட்டுல பத்துன்னா ஊருல ஒன்பதரை. ஊருல பத்துக்கு வர்ற பஸ் இங்க பத்தரை பஸ். கொரட்டி, நீங்க அதை வேற பேரு சொல்லிக் கூப்பிட்டதுண்டா?”

“எல்லாருக்கும் அது பத்தரை பஸ்தானுங்க.”

“துரை பஸ்ஸில ஏறுறதில்ல, அவருக்கு இது மண்டையில தட்டாது. ஆனா சிவஞானம், இருபது வருஷமாப் பத்தரை பஸ்ஸில போற நீங்க, பதுளைக்காரன் எனக்காக அதைப் பத்து மணி பஸ் ஆக்கினீங்க. பெட்டிக்குத் தோட்டத்துப் பத்து. பஸ்ஸுக்கு ஊருப் பத்து. நடுவுல அரை மணி. நடைக்குப் பத்து நிமிஷம் போனா, இருபது நிமிஷம் உங்க கையில.”

“இருபது நிமிஷம் கையில இருந்தா நான் கள்ளனா, சேர்?”

“இல்ல. இந்தக் கடுதாசிதான் உங்களைக் கள்ளனாக்குது.” பட்டியலைத் துரைமுன் வைத்தார். “புதுத் தாதி பாக்கியலெட்சுமி, முதலாண்டு, அரைச் சம்பளம். றீட்டா பேரு இதுல இல்ல. களவு போனது இன்னிக்கு. அவ வெளியே போவான்னு நேத்தே எப்படித் தெரிஞ்சிச்சு?”

துரை தம் கையெழுத்தை இப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

இரும்புப் பெட்டி திறக்கப்பட்டது. தாள்களின் அடியில் மோர்பீன் பெட்டி இருந்தது. குப்பிகள் பதினொன்று.

சிவஞானம் மருந்தை விற்க எண்ணியவர் அல்லர். ஆஸ்பத்திரிச் செலவைக் குறைத்ததற்காக ஆண்டுதோறும் துரை தரும் இனாமை எண்ணியவர். றீட்டாவுக்கு முன்னிருந்த இரு தாதியரும் பன்னிரண்டாம் மாதத்தில்தான் குற்றம் சுமந்து வெளியேறினர். கைவிலங்கு கிளாக்கருக்கு மட்டுமே விழுந்தது. இனாம் கொடுத்த கை மேசைமேல் சுகமாகக் கிடந்தது.

துரை றீட்டாவைப் பார்த்துப் பேசினார். “நாளையில இருந்து உனக்கு முழுச் சம்பளம். காலையில ஆறுல இருந்து ரெண்டு மணி வரைக்கும். எட்டு மணி நேரம். சந்தோசந்தானே?”

றீட்டா திருப்பிக் கேட்டாள்.

“எந்தக் கடிகாரத்துப்படிங்க, தொரை? இத்தனை நாளும் வேலைக்கு வர்ற ஆறு, தோட்டத்து ஆறு. வேலை விட்டுப் போற எட்டு, ஊரு எட்டு.”

துரை சிவஞானத்தைப் பார்த்தார்.

அவள் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். “ஒரு வருஷமா தினமும் அரை மணி நேரம் காணாமப் போயிருக்கு, சேர். அதையும் எழுதிக்குவீங்களா?”

லத்தீப் மூடிய குறிப்பேட்டை மீண்டும் திறந்தார்.

“சொல்லுங்க, மகள். எந்தத் திகதியிலயிருந்து?”