எடை குறையாத நோயாளி

காலையில் கணவன் பால் காய்ச்சினான். ஒரு டம்ளரில் ஊற்றி, இரண்டு கரண்டி புரதப் பொடி போட்டுக் கலக்கி, மனைவியின் முன்னால் வைத்தான். குளிக்கப் போனான். திரும்பி வந்தபோது டம்ளர் காலி. அவனுடைய ஓட்ஸ் கஞ்சி மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. குடித்தான். பெல்ட்டை ஒரு துளை தளர்த்திப் போட்டுக்கொண்டான். அவள் மோதிரத்துக்கு உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். முடித்ததும், வாசலில் இருந்த தன் செருப்பை விட்டுவிட்டு அவனுடைய பழைய செருப்பை மாட்டிக்கொண்டாள். இருவரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மறுநாள் அவளுக்கு அறுவைச் சிகிச்சை. சிறுநீர்ப்பையில் புற்றுநோய். பையை முழுதாக எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டிச் சிறுநீருக்குப் புது வழி செய்ய வேண்டும். வெட்டிய குடலை மறுபடி சேர்த்துத் தைக்க வேண்டும். தைப்பது டாக்டர். அதைப் பிடித்துவைப்பது நோயாளியின் உடம்பு.

வார்டில் எடை பார்த்தார்கள். கீமோ தொடங்கிய அன்று இருந்த அதே எடை.

"பரவாயில்லையே," என்றார் சர்ஜன். "கீமோ முடிஞ்சு எல்லாரும் துரும்பா வருவாங்க. நீங்க வச்சது வச்சபடி இருக்கீங்க."

"எங்க வீட்டுச் சமையல் அப்படி, டாக்டர்," என்றாள் அவள்.

மதியம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஆல்புமின் என்ற புரதம் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. லேபில் தவறு என்றார் சர்ஜன். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடி அதே பாதி. சிறுநீரில் புரதம் போகவில்லை. கல்லீரல், சிறுநீரகம், இதயம் எதிலும் குறையில்லை.

"பொடி போலியா இருக்கும்," என்றார் வார்டு சிஸ்டர். "கண்ட கடையில வாங்கியிருப்பீங்க."

"கீழே உங்க மருந்துக்கடையிலதான் வாங்கினேன்," என்றான் கணவன்.

சிஸ்டர் தலையணையைச் சரிசெய்யப் போனார்.

சர்ஜன் டயட்டீஷியனைக் கூப்பிட்டனுப்பினார். நோயாளிகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கிற வழக்கத்தால் வார்டில் அந்த அம்மாவுக்குப் பெயர் சி.ஐ.டி. வந்ததும் அவர் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. நோயாளியிடம் கையை நீட்டினார்.

"என் கையை இறுக்கிப் பிடிங்கம்மா. இன்னும் இறுக்கி."

"இதுக்கு மேல முடியலை, மேடம்."

"மோதிரத்துல எதுக்கு நூல்?"

"கழண்டு விழுது."

"யார் செருப்பு இது?"

"இவரோடது. என்னோடது கடிக்குது."

"புதுசா?"

"ரெண்டு வருஷமா போடுறதுதான்."

டயட்டீஷியன் குனிந்து, அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அங்கே ஒரு குழி விழுந்தது. அது எழும்பவில்லை. சர்ஜன், சிஸ்டர், கணவன் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விரல் இளைச்சிருக்கு, பாதம் பெருத்திருக்கு," என்றார் டயட்டீஷியன். "ஒரே ஆளுக்கு. சார், மேல சதை போயிருக்கு. போன சதையோட எடை எவ்வளவோ, அவ்வளவு தண்ணி கீழ வந்து உக்காந்திருக்கு. ரத்தத்துல தண்ணியைப் பிடிச்சுவைக்கிறதே அந்தப் புரதம்தான். அது குறைஞ்சதும் தண்ணி வெளியே கசிஞ்சு காலுக்கு இறங்கிடுச்சு. தராசுக்குச் சதையும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான்."

சர்ஜன் தானும் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். இதயம் நிற்காமல் துடிப்பதற்காக, அந்த உடம்பு தன் தோளையும் தொடையையும் கரைத்துக் கொடுத்திருக்கிறது. சத்தம் காட்டாமல். கணக்கும் தெரியாமல்.

"சரி, பொடி?" என்றார் சிஸ்டர். "டப்பா டப்பாவா காலியாகுதே."

டயட்டீஷியன் கணவன் பக்கம் திரும்பினார். "தம்பி, தராசுல ஏறுங்க."

"நான் எதுக்கு மேடம்?"

"ஏறுங்க. பழைய எடை ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இப்போது ஏழு கிலோ அதிகம்.

"கவலையில ஊதிட்டேன்னு நினைச்சேன்," என்றான்.

"கவலையில யாருக்கும் இவ்வளவு நல்லா உடம்பு தேறாது. காலையில என்ன சாப்பிடுறீங்க?"

"கஞ்சி. இவதான் பண்ணுவா."

"அப்போ நீங்க எங்க இருப்பீங்க?"

"குளிச்சிட்டு..." அவன் நிறுத்திக்கொண்டான். மனைவியைப் பார்த்தான்.

"திருடனும் இவங்க, பறிகொடுத்தவங்களும் இவங்க," என்றார் டயட்டீஷியன். "நீங்க குளிக்கப் போனதும் அந்த டம்ளர் உங்க கஞ்சிக்குள்ள போயிருக்கு. சொல்லுங்கம்மா."

அவள் போர்வை நுனியைத் திருகினாள். "குமட்டுது மேடம். ஒரு வாய் உள்ள போகாது. கொட்டவும் மனசு வரலை. கீமோ ஆரம்பிச்சப்போ இவரும் சரியா சாப்பிடாம எலும்பும் தோலுமா இருந்தாரு. ரெண்டு பேருல ஒருத்தராவது தேறட்டும்னுதான்."

"அடிப்பாவி," என்றான் கணவன். தன் வயிற்றைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான்.

"நாளைக்கு ஆபரேஷன் பண்ணா?" என்று கேட்டான்.

"குடல் தையல் விட்டுப் போகலாம். சீழ் வைக்கலாம். வயித்துக் காயம் பிரியலாம்," என்றார் சர்ஜன். "ரொம்பத் தள்ளவும் முடியாது. கட்டி சும்மா இருக்காது."

"ரெண்டு வாரம் கொடுங்க," என்றார் டயட்டீஷியன். "மூக்கு வழியா குழாய் போட்டு நான் ஊட்டுறேன்."

"குழாய்ல ருசி தெரியுமா மேடம்?" என்று கேட்டாள் அவள்.

"தெரியாது."

"அப்போ சரி. எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்க."

ஊற்றினார்கள். தராசில் அவள் எடை இறங்கியது. தண்ணீர் வடிகிறது என்று டயட்டீஷியன் சந்தோஷப்பட்டார். எடை குறைந்ததற்கு வார்டே சிரித்த ஒரே நோயாளி அவள். கைப்பிடி கொஞ்சம் இறுகியது. சர்ஜன் வெட்டினார், தைத்தார். குடல் தையல் பிடித்தது. காயம் தொப்புளைச் சுற்றி ஒரே கோடாக மூடியது. அவளே உள்ளே இருந்து நெய்தது போல.

அடுத்த ஆண்டு நோய் நுரையீரலில் வந்தது. அதற்குத் தையல் இல்லை.

கடைசி நாள் காலையில் வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. அவள் சட்டையை ஒதுக்கி அந்தத் தையல் கோட்டைப் பார்த்தாள். ஒரு இடத்திலும் பிரியவில்லை. கணவனும் பார்க்கக் குனிந்தான்.

"கொஞ்சம் தள்ளுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க," என்றாள்.