காலியான ஸ்பிரிட் ஜாடி

1987 செப்டம்பர். காலை பத்து மணி. கல்வராயன் மலையில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் ஸ்டோர் அறையில் ஸ்பிரிட் ஜாடி காலி! அறையின் சாவி இரண்டு டாக்டர்களிடம் மட்டுமே உண்டு.

"செல்லமுத்துதான் குடிச்சிருக்கார். நேத்து சாயங்காலம் கண்ணால பாத்தேன். அவரக் கத்தியத் தொட விடமாட்டேன்," என்றார் தலைமை டாக்டர் வெங்கடேசன். ஆபரேஷன் தியேட்டர் சாவியைக் கோட் பாக்கெட்டில் போட்டவர், கையை வெளியே எடுக்கவில்லை.

டாக்டர் செல்லமுத்து ஒரு காலத்தில் குடியால் வேலையை இழந்தவர். மெட்ராஸில் சிகிச்சை பெற்று மீண்டு வந்தவர்.

உள்ளே முனியன், குடலிறக்கம் இறுகித் துடித்துக்கொண்டிருந்தான். உடனே அறுவை செய்யாவிட்டால் பிழைக்க மாட்டான். கள்ளக்குறிச்சிக்கு அனுப்பவும் வழியில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன.

"இன்னா டாக்டரு, பேசிக்கினே இருக்கீங்க? யாராச்சும் கத்தியப் புடிங்கய்யா!" முனியனின் மனைவி சாலம்மாள் கத்தினாள்.

மரம் அகற்றப்போய் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தார் சப்-இன்ஸ்பெக்டர் பூமாலை. செல்லமுத்து சோப்புத் தண்ணீரால் காயத்தைக் கழுவினார்.

"ஸ்பிரிட்டு போடலீங்களா?"

"நர்ஸ் போடுவாங்க. எனக்கு ஆகாது."

நர்ஸ் கமலா டிரேயில் மிச்சமிருந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்தாள். செல்லமுத்து தள்ளி நின்றார்.

வரும்போதே பேச்சைக் கேட்டிருந்த பூமாலை, வெங்கடேசன் பக்கம் திரும்பினார். "எவ்ளோ குடிச்சாரு?"

"ஒரு டம்ளர் நிறைய."

"அப்புறம்?"

"என்னோட உக்காந்து ஒரு மணி நேரம் கேரம் ஆடினார்."

"உடம்புக்கு ஒண்ணும் ஆகலியா?"

"பழகின உடம்பு சார்!"

பூமாலை கமலாவைக் கேட்டார். "இவருக்கு ஏம்மா ஸ்பிரிட்டு ஆகாது?"

கமலா தயங்கினாள். சொல்லும்படி செல்லமுத்து தலையசைத்தார்.

"குடிய அண்டவிடாம இருக்க, தெனம் காலையில என் எதிர்ல ஒரு மாத்திர முழுங்குவாரு சார். அவரே கேட்டுக்கினது. அது உடம்புல இருக்கறப்ப ஸ்பிரிட்டு மேல பட்டாலே ஆகாது. குடிச்சா, மூஞ்சி செவந்து, வாந்தி எடுத்து சுருண்டுடுவாங்க."

பூமாலை நிமிர்ந்தார். "அப்ப டம்ளர் நிறைய குடிச்சவரு ஒரு மணி நேரம் கேரம் ஆட முடியாது. அவரு குடிக்கல. நீங்க பாக்கவும் இல்ல. இன்னொரு சாவி உங்களுது. கைய வெளிய எடுங்க டாக்டர்!"

எடுத்தார். விரல்களில் சாவி கிணுகிணுத்தது. அப்படி ஒரு நடுக்கம்.

"ரோடு மறிச்சதுல பிராந்தி வரல," வெங்கடேசன் உடைந்தார். "மலையில சாராயத்துக்குப் பஞ்சமில்ல. ஆனா விக்கிறவன், குடிக்கிறவன் எல்லாம் என் பேஷண்ட். எப்படிப் போய் நிப்பேன்? ஸ்பிரிட்டக் குடிச்சேன். இந்தக் கையால அறுக்கவும் பயம்... பழிய அவர் மேல போட்டேன்."

செல்லமுத்து சாவியை வாங்கிக்கொண்டு தியேட்டருக்குள் போனார்.

பிற்பகலில் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார் செல்லமுத்து. "பொழச்சுக்கினார்."

சாலம்மாள் ஆஸ்பத்திரியே அதிரக் கூவினாள். "குடிகாரன்னு சொன்னீங்களே! அந்தக் கைதான்யா என் வூட்டுக்காரன எனக்குத் திருப்பிக் குடுத்திருக்குது!"

செல்லமுத்து நேரே போய் வெங்கடேசன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரோட்டுல மரத்த எடுக்கட்டும். மெட்ராஸுக்கு நானே உங்களக் கூட்டிக்கினு போறேன்."

"நான் செஞ்சதுக்கு அப்புறமுமா?"

"நான் போனப்ப, கூட வர ஒரு ஆள் இல்ல சார்."