நாலு ஜிபிக்கு அப்பால்

கரண்ட் போனது. மின்விசிறி மெல்லத் தளர்ந்து நின்றது, கீழே ஜெராக்ஸ் கடை மெஷின் பாதித் தாளோடு முனகி அடங்கியது, எதிர்ச்சாரியில் மாவு மில்லும் ஓய்ந்தது. மேசைமேல் இருந்த ஹார்டு டிஸ்க் பெட்டி மட்டும் நிற்காமல் உர்ரென்று சுழன்றுகொண்டிருந்தது.

யூபிஎஸ் தாங்குகிறது என்றுதான் தங்கராசு முதலில் நினைத்தான். பிறகுதான் உறைத்தது. யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் மட்டுமே. பெட்டியின் அடாப்டர் செங்கல் மாதிரி தடி. யூபிஎஸ்ஸின் பின்பக்கம் அது நுழையாது என்று சுவர் போர்டில் மாட்டியிருந்தான். சின்ன டிஸ்க்காக இருந்தால் யூஎஸ்பி ஒயரில் வரும் கரண்டே போதும். இது பெரியது, அடாப்டர் இல்லாமல் அசையவே அசையாது. சுவர் போர்டின் சிவப்பு விளக்கு அணைந்து கிடந்தது. பெட்டியின் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னடா, நின்னுடுச்சா?" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா சம்பூர்ணம்.

"இல்லம்மா. ஓடுது."

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டு மாடியில் அவனுடைய வீடியோ ஸ்டுடியோ. சிமெண்ட் லாரிகளின் தூசிக்குப் பயந்து ஜன்னலைத் தெர்மோகோல் வைத்து அடைத்திருந்ததால், உச்சி வெயில் காயும் நேரத்திலும் உள்ளே திரையின் வெளிச்சம்தான். அம்மா ஆண்டிமடத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். சிவரஞ்சனியின் கல்யாண வீடியோவைப் பார்க்க வேண்டும். கல்யாணமான சூட்டிலேயே, சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளத்தில் துணி துவைக்கப் போன மகள் அவள். அந்த வெள்ளைத் தண்ணீரிலிருந்து உயிரோடு வரவில்லை. அன்றுமுதல் அம்மா ஒரு பிடி சோறு ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. போட்டோவைக் கொடுத்துப் பார்த்தான். "இதுல பேச மாட்டேங்குறாளேடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சொந்த வீட்டு வேலை என்றால் எந்த ஸ்டுடியோக்காரனும் கடைசியாகத்தான் தொடுவான். தங்கராசுவும் தங்கை கல்யாணத்தை டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு அதே டேப்புகளில் வேறு கல்யாணங்களைப் பதிந்துவிட்டான். இப்போது அவள் இருப்பது இந்தப் பெட்டிக்குள் மட்டும். அதுவும் முழுதாக இல்லை. பெரம்பலூரில் டிவிடி போட்டுத் தரும் பாலாஜியின் பழைய கம்ப்யூட்டருக்கு என்டிஎஃப்எஸ் என்ற புது முறை புரியாது என்று, பெட்டியைப் பழைய ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்து வைத்திருந்தான். அதில் ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல் வளராது. முகூர்த்த டேப்பை ஓடவிட்டு அவன் சாப்பிடப் போயிருந்தபோது, பதிவு அந்த எல்லையைத் தொட்டதும் நின்றுவிட்டது. கெட்டிமேளம், மாப்பிள்ளை தாலியை எடுக்கிறான், சிவரஞ்சனி தலை குனிகிறாள். அவ்வளவுதான். கழுத்தில் தாலி ஏறுவது கிடையாது. அம்மாவிடம் இதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

திரையில் மேளம் கொட்டியது. தங்கை தலை குனிந்தாள். கீழே ஓடிய நேரக்கணக்கு கடைசிக்கு வந்து நின்றது.

படம் நிற்கவில்லை.

மேளச் சத்தம் மட்டும் அறுந்து போயிருந்தது. மாப்பிள்ளையைக் காணோம். ஐயரைக் காணோம். மண்டபம் முழுக்க வெறும் நாற்காலிகள், காற்றில்லாமலேயே லேசாக ஆடும் தோரணங்கள், மணையில் தனியாக, குனிந்த தலையோடு சிவரஞ்சனி. அவன் எடுத்த படத்தில் இது இல்லை. அவள் கூந்தலின் நுனியிலிருந்து ஏதோ சொட்டியது. சுண்ணாம்பும் பாசியும் கலந்த ஈர வாடை அறைக்குள் பரவியது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் அவளைக் கிடத்தியிருந்தபோது அடித்த அதே வாடை.

நிறுத்தும் பட்டனை அழுத்தினான். ஓடியது. சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கினான். ஓடியது. பெட்டியின் முதுகில் செருகியிருந்த முனையையும் உருவினான். நீல விளக்கு சிமிட்டக்கூட இல்லை.

மிச்சம் யூஎஸ்பி ஒயர். கை அதுவரை போய் நின்றது. ஓடும்போது பிடுங்கினால் உள்ளே இருப்பது மொத்தமும் சிதைந்துவிடலாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணிக் கையைக் காட்டிச் சிரித்தாளே, அதுவும் போய்விடும். தங்கையை இரண்டாம் தடவை கொல்ல அவனால் முடியவில்லை.

"தல ஈரத்தோட ஒக்காந்திருக்காடா," என்றாள் அம்மா. அவள் எழுந்திருந்தாள்.

"அம்மா, பாக்காத. வெளிய போயிடு."

திரையில் சிவரஞ்சனி தலையை நிமிர்த்தினாள். முகமெல்லாம் வெள்ளை. உதடு மட்டும் நீலம்.

"குளுருதும்மா."

"இந்தா, வந்துட்டேன் தாயி."

வெளிச்சம் ஒருமுறை நடுங்கியது. அவன் கண்ணை மூடித் திறந்தான்.

நாற்காலி காலியாக இருந்தது. கதவு உள்தாழ்ப்பாளோடு அப்படியே. அம்மாவின் மஞ்சப்பை மட்டும் தரையில்.

திரையில் இருவர். மணைக்குப் பின்னால் முட்டி போட்டு, முந்தானையால் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள் அம்மா. முகத்தில் அத்தனை நிம்மதி. எத்தனை துவட்டியும் தண்ணீர் வற்றவில்லை. மண்டபத்தின் தரை மறைந்தது. மணை மறைந்தது. அம்மாவின் இடுப்புவரை வெள்ளைத் தண்ணீர்.

"அம்மா! எந்திரிச்சு வாம்மா!"

அவள் திரும்பவில்லை.

யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீர்கிறது. ஒயரைப் பிடுங்கினால் அம்மா? பிடுங்காவிட்டால்? ஒயரைப் பிடித்தான். இழுக்கவும் முடியவில்லை. விடவும் முடியவில்லை.

கத்தல் இடைவெளி இல்லாமல் நீண்டது.

திரை அணைந்தது.

இருட்டு. நீல விளக்கு. உர்ரென்ற சுழற்சி.

பெட்டிக்குள்ளிருந்து ஈரத்துணி பிழியும் சத்தம் கேட்டது. அடாப்டர் முனையை உருவிய துளையின் வழியே, வெள்ளைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேசையில் இறங்கத் தொடங்கியது.