இடப்பக்கம் ஒரு கடிகாரம்

2025ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில், காத்திருந்தவர்கள் நடுவே மூவர் அமர்ந்திருந்தனர். முதலாமவர் அம்மா, கழுத்துவலியால் தலையைத் திருப்ப இயலாதவர். இரண்டாமவர் அம்மாவின் தம்பி, பேருந்து நடத்துநர். மூன்றாமவள் அம்மாவின் மகள், பத்து வயதுக் கட்டெறும்பு. அப்பெயர் பள்ளிப் பதிவேட்டில் இல்லை, மாமா வைத்தது.

அம்மாவின் இடத் தோளுக்குக் கீழே, தோலுக்கு உள்ளே, ஒரு சிறு கருவி இருந்தது. இதயம் துடிக்கத் தயங்கும்போதெல்லாம் அதைத் தட்டி எழுப்புவதே அதன் வேலை. மூன்றாண்டுகளுக்கு முன் அதைப் பொருத்தியபோது, "அம்மாவுக்குள்ள கடிகாரம் வெச்சுட்டாங்களா?" என்று கட்டெறும்பு கேட்டாள். அன்று முதல் வீட்டில் அதற்குக் கடிகாரம் என்றே பெயர்.

மாமா படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பயணச்சீட்டுக் கிழிக்கும் வேகத்தில் பேனா ஓடியது.

"'உடலினுள் பொருத்தப்பட்ட மின்னணுச் சாதனம் உண்டா?' இது என்னக்கா, செல்போனக் கேக்கறாங்களா?"

"பேசினாலே கழுத்து இழுக்குதுடா. நீயே பாத்து எழுது. கடிகாரத்த மட்டும் மறந்துடாத."

"அத மறப்பேனா!"

சாதனம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். கடைசி வரியில், 'இடப்பக்கம் கடிகாரம் உண்டு' என எழுதி, அழுத்தமாக அடிக்கோடும் இட்டார். படிவத்தைக் கொடுத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனார்.

அம்மா உடை மாற்றக் கிளம்பினார். கைக்கடிகாரம், தோடு, பணப்பை மூன்றும் கட்டெறும்பின் மடிக்கு வந்தன.

நீல உடை அணிந்த ஸ்கேன் அக்கா படிவத்தோடு வந்தார்.

"இடப்பக்கம் கடிகாரம்னு போட்டிருக்கே, கழட்டியாச்சா? ஓ, உன் கையிலயே இருக்கா? சமத்து!"

படிவத்தில் ஒரு சரிக்குறி விழுந்தது.

கட்டெறும்பு அந்தக் குறியைப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த கனத்த கதவைப் பார்த்தாள். 'காந்தம் எப்போதும் இயங்குகிறது. இதயக் கருவி பொருத்தியவர்கள் அனுமதியின்றி நுழையக் கூடாது' என்று அதில் எழுதியிருந்தது. அவள் அதை இரண்டாம் முறையும் படித்தாள்.

'பெரியவர்களுக்குத் தெரியாதா என்ன?' என்று நினைத்தாள். தெரியும் என்றால் எதற்குச் சரிக்குறி?

அம்மா பச்சை அங்கியில் வந்தார்.

"உடம்புல வேற ஏதாவது இருக்காம்மா?" என்றார் ஸ்கேன் அக்கா.

"எல்லாத்தையும் என் தம்பி எழுதிட்டான்மா."

"ஆமா, பாத்தேன்."

இருவரும் உண்மையே பேசினர். ஆனால், இருவரும் நினைத்தது வேறு வேறு கடிகாரம். ஸ்கேன் அக்காவின் கை கதவின் பிடிமேல் இருந்தது.

"அக்கா, திறக்காதீங்க!"

அறையே திரும்பிப் பார்த்தது. கட்டெறும்பு எழுந்து நின்றாள்.

"கடிகாரம்... இன்னும் கழட்டல."

"கையில வெச்சுக்கிட்டே கழட்டலங்கறியே!"

யாரோ சிரித்தார்கள். அவள் காது மடல் சுட்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

"இது கைக்கடிகாரம். அது அம்மாவுக்குள்ள இருக்கு, இதயத்துக்கு வெச்சது. நாங்கதான் அதக் கடிகாரம்னு சொல்வோம்!"

பணப்பையின் உள்ளறையிலிருந்து, கருவியைப் பொருத்தியபோது கொடுத்த அட்டையை உருவி நீட்டினாள். படித்ததும் ஸ்கேன் அக்காவின் முகம் வெளிறியது.

"பேஸ்மேக்கர்!"

கதவின் பிடியை விட்டார். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து தொலைவில் இருந்த நாற்காலியில் அமர்த்தினார். "காந்தத்துக்குப் பக்கத்துல போனா சில கருவிங்க குழம்பிடும்மா. எதுன்னு தெரியாம உள்ள விடவே கூடாது" என்றார்.

அப்போது மாமா தேநீரோடு வந்தார். "என்ன கட்டெறும்பு, வண்டி கெளம்பலயா?"

"பிரேக் போட்டாச்சு மாமா."

"பேஸ்மேக்கர்னு ஏன் சார் எழுதல?" என்றார் ஸ்கேன் அக்கா.

"எழுதியிருக்கேனே மேடம்! அடிக்கோடு வேற போட்டிருக்கேன்!"

கட்டெறும்பின் கண்கள் நிறைந்தன. "கடிகாரம்னு பேர வெச்சதே நான்தானேம்மா."

"வெச்ச நீயே நேரத்துக்கு மணியும் அடிச்சிட்டியேடி" என்று அம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இறுதியில் முடிவானவை இவை: அன்று ஸ்கேன் எடுக்கப்படவில்லை. அட்டையிலிருந்த எண்ணைக் கொண்டு, அம்மாவின் கருவியும் அதன் கம்பிகளும் காந்த ஸ்கேனுக்கு ஏற்றவையே என்று இதய மருத்துவர் மாலையில் உறுதிசெய்தார். வெள்ளிக்கிழமை, அவர் அனுப்பும் ஒருவர் கருவியின் இயக்கத்தை ஸ்கேனுக்கு முன் மாற்றிவைத்து, முடிந்ததும் பழையபடி ஆக்குவார். ஸ்கேன் நடக்கும்போது அம்மாவின் துடிப்பை ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் கருவி வீட்டில் கடிகாரம், படிவத்தில் பேஸ்மேக்கர்.

புதிய படிவத்தைக் கட்டெறும்பு எழுதினாள். மாமா அடிக்கோடு மட்டும் இட்டார்.