லில்லோ மாமாவுக்குச் சொன்ன விலாசம்

நவம்பர் இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு, புது அடையாள அட்டைகளோடு அந்த நான்காம் மாடி வீட்டுக்குப் போனேன். வட இத்தாலியின் உதினே நகரம் முழுக்க மூடுபனி. சாட்சிகளைக் காப்பது என் வேலை. துப்பாக்கி தூக்குவதெல்லாம் கொஞ்சம்தான். ஆட்களை அடையாளமே இல்லாமல் ஆக்குவதுதான் பெரும்பாடு. பெயர், ஊர், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் புதிது. சொந்த ஊரான சிசிலிக்கு போன் கூடாது, கடிதம் கூடாது, போட்டோ கூடாது. விலாசம் எனக்கும் என் மேலதிகாரிக்கும் மட்டும் தெரியும்.

இந்த வீட்டில் இருந்த நுன்சியோ, சிசிலியின் பலேர்மோ மாஃபியா கும்பலில் கழுத்தை நெரிக்கிற ஆள். மனைவியின் தம்பி லில்லோவையே கயிறு போட்டு முடித்துத் திராவகப் பீப்பாயில் கரைத்தவன். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்ததால் அரசாங்கம் அவனுக்குச் சோறு போட்டது. அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும் அவன் உயிருக்கு வாக்குக் கொடுத்தவன் நான்.

அவன் மனைவி ரோசாலியா கதவைத் திறந்தாள்.

"இன்னும் எந்திரிக்கல சார். உள்ளறையைத் தாழ் போட்டுக்கிட்டுத்தான் தூங்குவாரு. என்னையே நம்ப மாட்டாரு."

ஆறு வயது மகள் ஆகதா ஓடி வந்தாள். கையில் சர்க்கரைப் பொம்மை. கல்லறைத் திருநாளுக்குச் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போவதாகச் சிசிலியில் சொல்வார்களே, அது.

"லில்லோ மாமா குடுத்தாரு!"

"நீ வாங்கினியா?" என்று ரோசாலியாவைப் பார்த்தேன். இல்லையென்று தலையாட்டினாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"வீடு மாறினது மாமாவுக்குத் தெரியாதே அங்கிள்," என்றாள் குழந்தை. "அதான் தினமும் ஜெபத்துல சொன்னேன். தெரு, மாடி, அப்பாவோட புதுப்பேரு, எல்லாம்."

அப்போதுதான் மூக்கில் ஏறியது அந்த நெடி. திராவகம்.

உள்ளறைக் கதவை உடைத்தேன்.

உள்ளே மூன்று தாழ்களும் போட்டபடி இருந்தன. நுன்சியோ கட்டிலிலிருந்து பாதி தொங்கிக்கொண்டிருந்தான். நாக்கு கடிபட்டுத் துண்டாகக் கிடந்தது. கழுத்தில் கயிறு அறுத்த தடம் எலும்புவரை இறங்கியிருந்தது. முழங்கைக்குக் கீழே கைகள் இல்லை. தரையில் புகைந்துகொண்டிருந்த குழம்பில் அவன் மோதிரம் மட்டும் கிடந்தது.

கயிறு எங்குமே இல்லை.

விலாசம் வெளியே போனால் ஒரு மணி நேரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதுதான் விதி. தாயையும் மகளையும் காரில் ஏற்றி, நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடலோர ஊரில் இறக்கினேன். இவர்களையாவது காப்பாற்ற வேண்டுமே.

புது வீட்டு வாசலில் குழந்தை முன் மண்டியிட்டேன்.

"இந்த வீட்டை மாமாகிட்ட சொல்லாதே கண்ணு. சத்தியம் பண்ணு."

"சொல்லவே வேணாம் அங்கிள். நம்மகூடத்தான் வந்தாரு. இறங்கச் சொன்னேன், மாட்டேங்குறாரு."

"ஏன்?"

"அவருக்கு இங்க வேலை இல்லையாம். கார்ல அவருகூட மாமா மாதிரியே நிறைய பேரு உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் போக வேண்டிய வீடு தெரியணுமாம்." என் காதருகே சாய்ந்தாள். "நீங்க எல்லா வீட்டுக்கும் போவீங்களாமே?"

என் பொறுப்பில் இன்னும் பதினோரு குடும்பங்கள். பதினொன்றிலும் ஒரு கொலைகாரன். அவனோடு ஒன்றும் அறியாத பிள்ளைகள்.

காரில் வந்து உட்கார்ந்தேன். காலியாக இருக்க வேண்டிய பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி அழுந்தியிருந்தது.

கண்ணாடியில் பார்க்கத் துணிவில்லை.

பின்னால் சீட் பெல்ட் ஒன்று 'க்ளிக்' என்று மாட்டிக்கொண்டது.

அப்புறம் இன்னொன்று.