பாதி நடவு

காலையில் கூடத்தைத் துடைக்கும்போது, வாசற்படியை ஒட்டிய இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஒரு நெல் நாற்று நிற்பதைக் குந்தவை பார்த்தாள். பிடுங்கினாள். வேரில் ஈரச் சேறு. புது வீட்டில் சேறு ஏது என்று எரிச்சல்பட்டாளே தவிர, பயப்படவில்லை.

பாபநாசம் சாலையை விட்டு உள்ளே தள்ளி, வயலை மேடாக்கிப் போட்ட நகர் அது. இருபது வீடுகளில் பதினாறு பூட்டிக் கிடந்தன. சொந்தக்காரர்களெல்லாம் வெளிநாட்டில், அவள் கணவன் பரிதியைப் போல. மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் நாய்கூடக் குரைக்காது. அந்த அமைதிக்குத்தான் ஆசைப்பட்டுக் குடிவந்தாள், பைத்தியக்காரி.

மறுநாள் ஒரு வரிசை நாற்று. அதற்கடுத்த நாள் நான்கு. பிடுங்கப் பிடுங்க, வாசலிலிருந்து மகள் தூங்கும் உள்ளறையை நோக்கி, இடைவெளி பிசகாமல் வந்தன. பினாயிலை மீறிச் சேற்று வாடை வீசியது. மத்தியான வேளையில், மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், தண்ணீரில் கால் மாற்றி வைக்கும் சளக் சளக்கென்ற ஓசையும் கண்ணாடி வளையல்களின் உரசலும் கேட்டன.

"குனிஞ்சுகிட்டே பின்னாடி பின்னாடி வர்றாங்கம்மா," என்றாள் நான்கு வயது தமிழ்நிலா. "ஒரு ஆளு கொறையுதாம்."

நிலம் மாமனார் பஞ்சநதத்துடையது. உடனே போன் செய்தாள்.

"நம்ம மனையில கடைசியா என்ன மாமா நடந்துச்சு?"

"நடவும்மா. பதினோரு பொம்பளைங்க வரணும், அன்னிக்கு ஒருத்தி வரல, பத்துப் பேருதான். பாதி நட்டிருந்தாங்க. மனை போட லாரி வந்துருச்சு. நட்ட வயல பாதியில விடக்கூடாது, பொழுதுக்குள்ள முடிச்சுடுறோம்னு கெஞ்சுனாங்க. நான்தான் கேக்கல. மண்ணக் கொட்டச் சொல்லிட்டேன்."

"அவங்க கரையேறிட்டாங்கல்ல மாமா?"

போன் துண்டிக்கப்பட்டது.

குந்தவை ஆட்டோக்காரர் துரைராசுவை வரச் சொன்னாள். குழந்தைக்குச் செருப்பை மாட்டிக் கூடத்தில் நிறுத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சமையலறைக்குள் போனாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வந்தபோது கூடம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். குனிந்த முதுகுகள். சேலையைத் தூக்கிச் செருகிய முதுகுகள். ஒரு முகமும் தெரியவில்லை. எண்ணினாள். பதினொன்று.

பதினோராவதாக, ஓரத்தில் ஒரு சின்ன முதுகு. ரோஸ் கவுன்.

"நிலா."

திரும்பவில்லை.

"அவள விட்டுடுங்க. நான் வர்றேன். நான் நடுறேன்."

ஒரு நாற்றுக் கட்டு அவள் காலடியில் வந்து விழுந்தது. குந்தவை சேற்றில் இறங்கினாள். குனிந்தாள். நட்டாள். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. நிமிரப் பார்த்தாள். முதுகு நிமிரவில்லை.

பக்கத்தில், தண்ணீரில் ஊறி வெளுத்த குட்டி விரல்கள், அடுத்த நாற்றை எடுத்துக்கொண்டிருந்தன.